அணு எண்களைத் துரத்துவது எப்படி? அணுசக்தி, அணு ஆயுத ஆதாரங்களைத் தேடி எடைபோட ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவிடம் எத்தனை அணுகுண்டுகள் இருக்கின்றன? 2024 தொடக்க நிலவரத்தைத் தேடிப் பாருங்கள். 1,770, 3,708, 5,044 என்று மூன்று பதில்கள் கிடைக்கும். மூன்றையும் சொன்னது ஒரே நிறுவனம்தான்: ஸ்டாக்ஹோமில் 1966-இல் தொடங்கிய சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம். முதல் எண், ஏவுகணைகளில் பொருத்தியும் விமானத் தளங்களில் தயாராகவும் வைத்திருப்பவை. இரண்டாவது, அவற்றோடு கிடங்கில் இருப்பவற்றையும் சேர்த்த ராணுவக் கையிருப்பு. மூன்றாவது, பணியிலிருந்து விலக்கப்பட்டு, பிரித்துப்போடக் காத்திருக்கும் பழைய குண்டுகளையும் சேர்த்த மொத்தம். செய்திகளில் வருவது இந்த மூன்றில் ஏதோ ஒன்று. எது என்றுதான் பல நேரம் எழுதியிருக்காது.

இதோடு 1,550 என்று நான்காவது எண்ணும் சுற்றும். அது ரஷ்யாவோடு போட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு. அந்த ஒப்பந்தக் கணக்கில் ஒரு குண்டுவீச்சு விமானம் எத்தனை குண்டுகளைச் சுமந்தாலும் ஒன்று என்றே எண்ணப்பட்டது. 1,770-ஐப் பார்த்து "அமெரிக்கா வரம்பை மீறிவிட்டது" என்று ஒருவர் எழுதினால், அவர் எண்ணும் முறையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இந்தத் துறையில் முழுப் பொய்யான எண்களைவிட, சரியான எண் தவறான பெயரில் உலவுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் ஆதாரத்தை எடைபோடும் வேலையில் பெரும்பங்கு, யார், எதை, எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று பின்னோக்கி நடப்பதுதான். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கானவை.

முதல் படி: கேள்வியை இறுக்குங்கள்

"அணுசக்தி பாதுகாப்பானதா?" என்று தேடினால் கட்சி கட்டிப் பேசும் கட்டுரைகள்தான் வந்து விழும். கேள்விக்குள் ஓர் இடம், ஒரு காலம், ஓர் அளவு வரும்படி மாற்றுங்கள். "செர்னோபில் விபத்துக்குப் பின் தீயணைப்பு வீரர்களில் எத்தனை பேர் கடும் கதிர்வீச்சு நோயால் இறந்தார்கள்?" என்பது தேடக்கூடிய கேள்வி. "2005-க்குப் பின் ஐரோப்பாவில் தொடங்கிய உலைகள் எத்தனை ஆண்டு தாமதமாயின?" என்பதும் அப்படியே. கேள்வி இறுகினால் எந்த வகை ஆவணம் வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: எண் பிறக்கும் இடத்துக்கே போங்கள்

உலைகள் பற்றியதென்றால் முதலில் பிரிஸ். வியன்னாவில் 1957 முதல் இயங்கும் சர்வதேச அணுசக்தி முகமையின் இலவசத் தரவுத்தளம் இது. ஒவ்வொரு உலைக்கும் தனிப் பக்கம் உண்டு: கட்டுமானம் தொடங்கிய நாள், மின்கட்டமைப்பில் இணைந்த நாள், வணிக உற்பத்தி தொடங்கிய நாள், ஆண்டுவாரியாகத் தந்த மின்சாரம். பிரான்ஸின் ஃபிளமான்வில் 3 உலைக்கு அதில் கட்டுமானத் தொடக்கம் 2007 டிசம்பர், மின் இணைப்பு 2024 டிசம்பர். பதினேழு ஆண்டுகள் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நுணுக்கம்: கட்டுமானத் தொடக்கம் என்று அங்கே குறிப்பது உலையின் அடித்தளத்துக்கு முதல் கான்கிரீட் ஊற்றிய நாளை. அடிக்கல் விழாவும் அமைச்சர் அறிவிப்பும் அதற்குள் வராது.

கதிர்வீச்சால் வரும் உடல்நலப் பாதிப்புக்கு அன்ஸ்கியர் அறிக்கைகள். ஐ.நா. பொதுச்சபை 1955-இல் அமைத்த அறிவியல் குழு இது. செர்னோபில், ஃபுகுஷிமா இரண்டுக்கும் தனித்தனி அறிக்கைகள் உண்டு. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வுக்கு, அந்த இரு நகரங்களிலும் இயங்கும் கதிர்வீச்சு விளைவுகள் ஆய்வு அறக்கட்டளை. யுரேனிய இருப்புக்கு, அணுசக்தி முகமையும், வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் அணுசக்திப் பிரிவும் சேர்ந்து வெளியிடும் 'சிவப்புப் புத்தகம்'. புளுட்டோனியம், செறிவூட்டிய யுரேனியம் எந்த நாட்டிடம் எவ்வளவு என்பதற்கு, சர்வதேசப் பிளவுப்பொருள் வல்லுநர் குழு. ஒப்பந்த வாசகங்களுக்கு ஐ.நா. ஆயுதக் குறைப்பு அலுவலகத்தின் ஒப்பந்தத் தொகுப்பு. ஒப்பந்தத்தை மூலத்திலேயே படியுங்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் பதினொரே பிரிவுகள்தான், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதைப் படிக்காமலே அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் ஏராளம்.

பழைய தொழில்நுட்ப அறிக்கைகளுக்கு இனிஸ் நூலகம். 1970-இல் தொடங்கியது, நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்டது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆஸ்டி தளமும் அப்படித்தான். ஆயுத அரசியலின் ரகசியம் நீக்கப்பட்ட கோப்புகளுக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகம்.

மூன்றாம் படி: தேடும் சொல்லை மாற்றுங்கள்

மூல ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது, மிச்சம் ரஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு. தமிழில் தேடினால் செய்திகள் கிடைக்கும், ஆவணம் கிடைக்காது. செய்தியாளர் சொல்லும் வார்த்தையும் ஆவணத்தின் வார்த்தையும் வேறு என்பது அடுத்த சிக்கல். செய்தியில் 'அணுக்கழிவு' என்று இருப்பது ஆவணத்தில் 'செலவான எரிபொருள்' என்று இருக்கும். அணுசக்தி முகமை ஆய்வாளர்கள் நேரில் போய்ப் பார்க்கும் 'சோதனை' என்பது 'கண்காணிப்பு உறுதிமொழி' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். ஒரு நல்ல அறிக்கை கிடைத்ததும் அதன் முதல் பக்கத்திலிருந்து நாலு கலைச்சொற்களை எடுத்துக்கொண்டு மறுபடி தேடுங்கள். ஒரே தளத்துக்குள் மட்டும், பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டும்படி தேடுபொறியிடம் கேட்கும் கட்டளைகளையும் பழகிக்கொள்ளுங்கள். ஆவண எண் தெரிந்தால் இன்னும் நல்லது. அணுசக்தி முகமையின் சுற்றறிக்கைகள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. பரவல் தடை ஒப்பந்தத்துக்கு 140.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு கட்டுரையைக் கண்டதும், அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளையும் திறந்து பாருங்கள். மறுப்புகள் அங்கேதான் இருக்கும்.

நான்காம் படி: ஒரே கேள்விக்கு ஏன் இத்தனை பதில் என்று பிரித்துப் பாருங்கள்

செர்னோபில் சாவு எண்ணிக்கைதான் இதற்கு நல்ல பயிற்சிக்களம். நாலு எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்போம்.

30-ஐ ஒட்டிய எண்: வெடிப்பிலும் காயத்தாலும் உடனே இறந்த 2 பேர், கடும் கதிர்வீச்சு நோயால் 1986-க்குள் இறந்த 28 பேர். மருத்துவமனைப் பதிவு உண்டு, பெயர் உண்டு. இது எண்ணிக்கை.

4,000: செர்னோபில் மன்றம் என்ற பெயரில் ஐ.நா. அமைப்புகளும் உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா ஆகிய மூன்று நாட்டு அரசுகளும் 2005-இல் சொன்னது. மிக அதிகக் கதிர்வீச்சு பட்ட சுமார் 6 லட்சம் பேரில், அவர்கள் வாழ்நாளில் இறக்கக்கூடியவர்கள். இது எண்ணிக்கை இல்லை, கணிப்பு. 2006-இல் உலகச் சுகாதார நிறுவனம், குறைவாக மாசுபட்ட பகுதிகளின் மக்களையும் சேர்த்து 9,000 வரை என்றது. 4,000-மும் 9,000-மும் முரண்படவில்லை, மக்கள்தொகைதான் விரிந்திருக்கிறது.

16,000: சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் ஆய்வாளர்கள் 2006-இல் ஐரோப்பா முழுவதையும் எடுத்து, 2065 வரை கணித்தது. அதன் நிச்சயமின்மை எல்லை 6,700-லிருந்து 38,000 வரை. எல்லையை வெட்டிவிட்டு நடு எண்ணை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரையைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

9 லட்சத்து 85 ஆயிரம்: 2009-இல் நியூயார்க் அறிவியல் கழகத்தின் தொடரில் ஆங்கிலத்தில் வந்த ஒரு தொகுப்பின் எண். இந்த நூலைத் தான் எழுதச் சொல்லவில்லை என்றும் அது சகஆய்வாளர் பரிசீலனைக்கு உட்படவில்லை என்றும் கழகமே பிறகு விளக்கம் சொன்னது. பதிப்பகத்தின் பெயர் பெரிதாக இருப்பது போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அன்ஸ்கியர் என்ன சொல்கிறது? மிகக் குறைந்த கதிர்வீச்சு பட்ட மக்களிடையே எத்தனை பேர் இறப்பார்கள் என்று எண் போட்டுச் சொல்வதையே அது தவிர்த்தது, அந்த அளவில் கணிப்பின் நிச்சயமின்மை ஏற்கத்தக்கதில்லை என்று. இதைத்தான் ஒரு தரப்பு "ஐ.நா. யாரும் சாகவில்லை என்கிறது" என்று திரிக்கும், மறு தரப்பு "ஐ.நா. மறைக்கிறது" என்று திரிக்கும். அறிக்கையைத் திறந்தால் இரண்டுமே அதில் இருக்காது.

ஆக, ஒவ்வொரு எண்ணிடமும் கேட்க வேண்டியவை: எண்ணியதா, கணித்ததா? எத்தனை பேரிடையே? எந்த ஆண்டு வரை? எந்த எல்லைக்குள்?

ஐந்தாம் படி: இரண்டு சாட்சிகளா, ஒரே சாட்சி இரண்டு சட்டையா?

இங்கே நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். ஒருமுறை சிப்ரியின் எண்ணையும் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பின் எண்ணையும் அருகருகே வைத்து, "இரு சுதந்திரமான மதிப்பீடுகளும் ஒத்துப்போகின்றன" என்று பெருமையாக எழுதினேன். பிறகுதான் ஆசிரியர் பெயர்களைப் பார்த்தேன். ஹான்ஸ் கிறிஸ்டன்சன், மாட் கோர்டா. இரண்டிலும் அவர்களே. 'புல்லட்டின் ஆஃப் தி அட்டாமிக் சயின்டிஸ்ட்ஸ்' இதழில் 1987 முதல் வரும் அணு ஆயுதக் குறிப்பேட்டுப் பகுதியும் அதே குழுவின் கையில்தான். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

அவர்கள் வேலை மோசம் என்று சொல்லவில்லை. அமெரிக்க அரசு 2024 ஜூலையில் தன் கையிருப்பை வெளியிட்டபோது, 2023 செப்டம்பர் நிலவரமாக 3,748 என்றது. அவர்கள் மதிப்பீடு 3,708. நாற்பதுதான் வித்தியாசம். இப்படி அரசே எண்ணை வெளியிடும் நாட்டில் மதிப்பீட்டை உரசிப் பார்க்கலாம். சீனா தன் எண்ணை வெளியிடுவதில்லை. 2020-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகன் அதை இருநூறுகளின் தொடக்கம் என்றது, இதே குழு 320 என்றது. பென்டகன் எண்ணியது பயன்பாட்டுக்குத் தயாரானவற்றை. குழு மொத்த இருப்பை மதிப்பிட்டது. இஸ்ரேல் தன்னிடம் அணு ஆயுதம் இருப்பதையே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அதன் 90 என்ற மதிப்பீட்டை வேறு விதமாகத்தான் கையாள வேண்டும். நாட்டுக்கு நாடு நம்பிக்கை அளவு மாறும். ஒரே அட்டவணையில் ஒரே எழுத்துருவில் இருக்கிறதே என்று எல்லா வரிகளையும் சமமாக நம்பாதீர்கள்.

நிலநடுக்கப் பதிவுகளும் இப்படித்தான். வடகொரியா 2017 செப்டம்பர் 3-இல் குண்டைச் சோதித்தபோது அதிர்வைப் பதிவுசெய்த கருவிகள் பல. ஆனால் வெடிதிறன் மதிப்பீடு 50 கிலோ டன்னிலிருந்து 250 கிலோ டன் வரை போனது (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம்). அதிர்வு ஒன்றுதான். குண்டு எவ்வளவு ஆழத்தில், எந்த வகைப் பாறைக்குள் வெடித்தது என்ற அனுமானம்தான் ஆளாளுக்கு வேறு.

ஆறாம் படி: தேதியைப் பாருங்கள், திருத்தத்தைத் தேடுங்கள்

செர்னோபில் விபத்துக்குக் காரணம் என்ன? 1986-இல் அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு வெளியிட்ட இன்சாக்-1 அறிக்கை, சோவியத் தரப்பு வியன்னாவில் சொன்னதை வைத்து, இயக்கியவர்கள் விதிமீறினார்கள் என்பதை முன்னால் நிறுத்தியது. 1992-இல் அதே குழு இன்சாக்-7 என்ற அறிக்கையில் அந்தப் பார்வையைத் திருத்தியது. கட்டுப்பாட்டுத் தண்டுகளின் வடிவமைப்பிலேயே குறை, நீர் ஆவியாகும்போது வினை வேகம் கூடும் இயல்பு, இவை பற்றி உலையை இயக்கியவர்களுக்கு முறையாகச் சொல்லப்படாதது என்று பாரம் இடம் மாறியது. இன்றும் முதல் அறிக்கையின் கதையை மட்டும் சொல்லும் எழுத்துகள் வந்துகொண்டிருக்கின்றன. அதிகாரபூர்வமான அறிக்கையை மேற்கோள் காட்டியே ஒருவர் தவறாக எழுத முடியும்.

குண்டுகளின் திறனும் அப்படியே. முதல் அணு வெடிப்பான டிரினிட்டிக்குப் பழைய நூல்கள் 21 கிலோ டன் என்று போடும். 2021-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் அணு ஆயுத ஆய்வகத்தின் ஆய்வாளர்கள் பழைய சோதனைத் தளத்து மாதிரிகளை நவீனக் கருவிகளால் மறுபடி அளந்து 24.8 என்றார்கள். ஹிரோஷிமாவுக்கு 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அறிக்கையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் சொன்னது 20,000 டன்னுக்கு மேல். இன்று பொதுவாக ஏற்கப்படுவது சுமார் 15 கிலோ டன். குடியரசுத் தலைவரே சொன்னதுதானே என்று நிறுத்திவிட்டால் எண் தப்பாகிவிடும்.

ஏழாம் படி: ரகசியத்தின் இடைவெளிகளைப் படியுங்கள்

1957 செப்டம்பர் 29-இல் உரால் பகுதியின் மாயக் வளாகத்தில் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. சோவியத் அரசு வாய் திறக்கவில்லை. 1976-இல் லண்டனில் வாழ்ந்த சோவியத் உயிரியலாளர் ஷோரெஸ் மெத்வெதேவ் ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் இதைக் குறிப்பிட்டார். பிரிட்டன் அணுசக்தித் துறையின் தலைவரே அதைக் குப்பை என்று ஒதுக்கினார். மெத்வெதேவ் வாதாடவில்லை, நூலகத்துக்குப் போனார். சோவியத் சூழலியல் இதழ்களில் கதிரியக்கம் கலந்த ஏரிகள், மீன்கள், செடிகள் பற்றிய ஆய்வுகள் வெளிப்படையாகவே வந்திருந்தன. எந்த இடம் என்று மட்டும் எழுதியிருக்காது. பிடித்த மீன்களின் எண்ணிக்கையை வைத்து ஏரி எவ்வளவு பெரியது என்று ஊகித்தார். உயிரின வகைகளை வைத்துப் பகுதியைக் கண்டார். மாசு கலந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற குறிப்புகளை வைத்துக் காலத்தைக் கண்டார். சோவியத் அரசு ஒப்புக்கொண்டது 1989-இல்.

ரகசியம் சூழ்ந்த துறையில் சொல்லாமல் விட்டதும் தரவுதான். ரகசியம் நீக்கிய ஆவணத்தில் கறுப்பு மை பூசிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே ஆவணம் வேறொரு காப்பகத்தில் வேறு இடங்களில் மை பூசி வெளியாகியிருக்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோளின் பத்து மீட்டர் தெளிவுள்ள படங்கள் இலவசம். ஒரு வளாகத்தில் புதுக் கட்டடம் எழுந்ததா என்று அதில் தெரியும், கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. படத்துக்கு அம்புக்குறி போட்டு "செறிவூட்டும் கூடம்" என்று எழுதியது படமல்ல, ஒரு மனிதர். கசிந்த ரகசியக் கோப்புகளை விட்டுவிடுங்கள். அவை உண்மையா என்று உரசிப் பார்க்க வழி இல்லை, பல நாடுகளில் வைத்திருப்பதே குற்றம்.

எட்டாம் படி: செலவு, கரியமிலம் என்று வந்தால் அனுமானங்களைத் தோண்டுங்கள்

ஃபிளமான்வில் 3-க்கு ஆன செலவு 2020-இல் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது. உலையைக் கட்டிய இ.டி.எஃப். நிறுவனம் 12.4 பில்லியன் யூரோ என்றது, பிரான்ஸின் கணக்குத் தணிக்கை நீதிமன்றம் 19.1 பில்லியன் என்றது. இருவரும் பொய் சொல்லவில்லை. முதல் எண்ணில் கடன் வட்டி இல்லை, இரண்டாவதில் அதுவும் வேறு சில செலவுகளும் உண்டு. அணு உலைக்குப் பணம் முன்கூட்டியே போய், மின்சாரம் பல ஆண்டு கழித்து வருவதால் வட்டி விகிதம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. 3 சதவீதத்தில் மலிவாகத் தெரியும் உலை 10 சதவீதத்தில் கட்டுப்படியாகாது. மின்சாரச் செலவு பற்றிய எந்த ஆய்விலும் முதலில் தள்ளுபடி விகிதத்தை, அதாவது வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்ற எடுத்துக்கொண்ட வட்டி விகிதத்தை, தேடுங்கள், பிறகு எந்த ஆண்டுப் பண மதிப்பு என்று பாருங்கள்.

கரியமில வெளியேற்றமும் இதே கதை. 2008-இல் வந்த ஓர் ஆய்வு பழைய ஆய்வுகளைத் திரட்டி, அணு மின்சாரத்துக்குக் கிலோவாட் மணிக்கு சராசரி 66 கிராம் என்றது. 2014-இல் ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை இடைநிலை அளவு (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 12 என்றது. முதலாவது, மிக வேறுபட்ட முடிவுகளை அப்படியே சராசரி எடுத்தது. ஒன்றிரண்டு பெரிய எண்கள் சராசரியை இழுத்துவிடும், இடைநிலை அளவை அவ்வளவாக இழுக்காது. கூடவே, பழைய ஆய்வுகள் சில, வாயுப் பரவல் முறையில் யுரேனியத்தைச் செறிவூட்டியதை வைத்துக் கணக்கிட்டவை. இன்றைய மையவிலக்கு முறையைவிட அது பல பத்து மடங்கு மின்சாரம் தின்னும். அமெரிக்காவின் கடைசி வாயுப் பரவல் ஆலை 2013-இல் மூடப்பட்டுவிட்டது.

யார் எழுதியது என்பதையும் பாருங்கள். உலக அணுசக்திச் சங்கம் தொழில்துறையின் அமைப்பு. உலக அணுசக்தித் தொழில் நிலை அறிக்கை விமர்சகர்களின் கை. ஃபுகுஷிமாவுக்குப் பின் நிறுத்தப்பட்ட ஜப்பானிய உலைகளை முன்னவர்கள் இயங்குபவை என்றே எண்ணிய காலத்தில், பின்னவர்கள் 2014 முதல் நீண்டகால நிறுத்தம் என்று தனிப் பிரிவு வைத்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமைக்குமே கண்காணிப்பதோடு அமைதிவழி அணுசக்தியை வளர்ப்பதும் கடமை என்று அதன் சாசனத்திலேயே உண்டு. பக்கச்சார்பு இருக்கிறது என்பதற்காக எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. எதிரெதிர் முகாம்கள் இரண்டும் ஒப்புக்கொள்ளும் எண்தான் உங்கள் கையில் இருக்கும் மிக உறுதியான எண்.

ஒன்பதாம் படி: அலகுகள்

சுருக்கமாக: மெகாவாட் என்றால் வெப்பமா, மின்சாரமா? வெப்ப அளவு மின்சாரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்கும். உடலில் பட்ட கதிர்வீச்சின் அலகில் 1 சீவர்ட் 100 ரெம், பொருளின் கதிரியக்கத்தின் அலகில் 1 கியூரி 37 பில்லியன் பெக்கரல். பெக்கரல் மிகச் சிறிய அலகு என்பதால் சாதாரண அளவுகூட 'லட்சம் கோடி' என்று தலைப்பில் மிரட்டும். அதை மனித உடலில் பட்ட அளவாக மாற்றிச் சொல்லாத செய்தியைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

பத்தாம் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

விரிதாளோ காகிதமோ, எண்ணுக்கு ஒரு வரி. என்னுடையதில் ஒரு வரி இப்படி இருக்கும்:

"3,708. அமெரிக்கா, ராணுவக் கையிருப்பு, ஓய்வுபெற்றவை நீங்கலாக. 2024 ஜனவரி. மதிப்பீடு. சிப்ரி, கூட்டமைப்புக் குழுவே எழுதியது. உரசிப் பார்த்தது: அரசு அறிவிப்பு 3,748, 2023 செப்டம்பர். பக்கத்தைச் சேமித்தேன்."

கடைசி வாக்கியம் அலங்காரத்துக்கு இல்லை. அரசுத் தளங்களில் பக்கங்கள் ஆட்சி மாறும்போது காணாமல் போகும். பார்த்த அன்றே, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் ஒரு நகல் போட்டுவிட்டு, பிடிஎஃப்பைத் தரவிறக்கி, பெயரில் தேதியையும் சேர்த்து வையுங்கள். நோட்டில் "எதை எண்ணியது" என்ற இடம் காலியாக இருக்கும் எண்ணை, அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், நான் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.